கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸ் மக்கர் செய்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழி

லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலை அப்டேட் செய்து முடித்து ரீபூட் கொடுத்ததும் திரை கறுப்பாகவே நின்றுவிட்டால் யாருக்கும் கை பதறும். அந்தப் பதற்றத்தில் டிஸ்க்கைத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலருக்கு அது தேவைப்பட்டிருக்காது. ஃபைல்கள் எல்லாம் பத்திரமாக இருந்திருக்கும், ஒரே ஒரு ஃபைலை மறுபடி உருவாக்கியிருந்தால் போதும்.

கெர்னல் என்று ஒற்றைச் சொல்லில் சொன்னாலும் டிஸ்க்கில் அது மூன்று துண்டுகளாக உட்கார்ந்திருக்கிறது. முதலாவது, /பூட் ஃபோல்டரில் இருக்கும் கெர்னல் இமேஜ். இரண்டாவது, அதன் பக்கத்திலேயே இருக்கும் இனிட்ராம்எஃப்எஸ். ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் இருக்கும் முக்கியப் பார்ட்டிஷன்) கைக்குக் கிடைக்கும்வரை கெர்னலைத் தாங்கிப் பிடிக்கும் குட்டி ஃபைல் சிஸ்டம் அது. மூன்றாவது, /லிப்/மாட்யூல்ஸ் என்பதற்குள் அந்த வெர்ஷன் எண்ணையே பெயராகக் கொண்ட ஃபோல்டர். டிரைவர்களில் பெரும்பகுதி மாட்யூல் என்ற தனித்தனி ஃபைல்களாக அங்கேதான் இருக்கிறது. இந்த மூன்றின் வெர்ஷனும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அப்டேட்டில் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, மூன்றில் ஒன்று மற்ற இரண்டோடு தப்பிப்போனதால் வருபவை. ஆகவே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: மூன்றில் எது தப்பியது?

ஒரு குறிப்பு. கமாண்டுகளையும் பிழைச் செய்திகளையும் ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல் ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன்

பழைய கெர்னலில் பூட் ஆகிறதா என்று பாருங்கள். கணினி எழும்போது யூஇஎஃப்ஐ உள்ள புதிய இயந்திரம் என்றால் எஸ்கேப் கீயை ஓரிரு முறை தட்டினால், பழைய பயாஸ் என்றால் ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தால் கிரப் மெனு (எந்தக் கெர்னலை எழுப்புவது என்று தேர்ந்தெடுக்கும் பூட் மெனு) வரும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போனால் முந்தைய வெர்ஷன்கள் வரிசையாக இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஒழுங்காக எழுந்துவிட்டால் ஹார்டுவேர் மீது இருந்த சந்தேகம் பெருமளவு தீர்ந்தது. வேலை செய்ய ஒரு டெர்மினலும் கிடைத்துவிட்டது. கீழே வரும் பழுதுபார்ப்புகளில் முக்கால்வாசியைப் பழைய கெர்னலில் இருந்தபடியே செய்யலாம்.

இதனால்தான் பழைய கெர்னல் ஒன்றையாவது எப்போதும் விட்டுவைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். உபுண்டுவும் டெபியனும் தாமாகவே ஒன்றிரண்டை வைத்திருக்கும். ஃபெடோரா மூன்றை வைத்திருக்கும், அந்த எண்ணை டிஎன்எஃப் என்ற அதன் பேக்கேஜ் மேலாளரின் கான்ஃபிக் ஃபைலில் மாற்றலாம். ஆர்ச் அப்படி வைத்துக்கொள்வதில்லை. புதியது வந்ததும் பழையது போய்விடும். அதனால் ஆர்ச் பயன்படுத்துகிறவர்கள் வழக்கமான கெர்னலோடு நீண்டகாலம் திருத்தம் வரும் எல்டிஎஸ் கெர்னலையும் சேர்த்து நிறுவிக்கொள்வது நல்லது.

அப்டேட் பாதியில் நிற்கிறது: 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'

டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கும்போதும் இந்தச் செய்தி வரும். நிரம்பியிருப்பது /பூட் பார்ட்டிஷன். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து நிறுவியவர்களுக்கு /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருக்கும், அதிலும் பழைய இன்ஸ்டாலேஷன்களில் 512 எம்பி அளவிலேயே இருக்கும். இன்றைக்கு ஒரு இனிட்ராம்எஃப்எஸ் மட்டுமே 100 எம்பியைத் தாண்டுவது சாதாரணம். நான்கு வெர்ஷன் சேர்ந்தால் கதை முடிந்தது. 'டிஎஃப் -ஹெச் /பூட்' கொடுத்தால் 100 சதவீதம் என்று காட்டும்.

இங்கே உபுண்டு, டெபியன் வைத்திருக்கும் எல்லோரும் முதலில், தேவையற்ற பேக்கேஜ்களை நீக்கும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்துப் பார்ப்பார்கள். இடம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது அது வேலை செய்யும். முழுக்க நிரம்பி அப்டேட் பாதியில் தொங்கிவிட்ட பிறகு செய்யாது. ஆப்ட் எதையும் நீக்குவதற்கு முன் தொங்கிக்கொண்டிருக்கும் பேக்கேஜை முடிக்கப் பார்க்கும். முடிக்க இடம் வேண்டும், இடம் கிடைக்க நீக்க வேண்டும், நீக்க அதை முடிக்க வேண்டும். இந்த வட்டத்தைக் கையால்தான் அறுக்க முடியும்.

அறுப்பதை நிதானமாகச் செய்யுங்கள். முதலில் 'யூநேம் -ஆர்' கொடுத்து இப்போது ஓடும் வெர்ஷன் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மனதில் வைத்துக்கொண்டால் போதாது, ஏனென்றால் 6.8.0-45க்கும் 6.8.0-54க்கும் கண் ஏமாறும். பிறகு 'எல்எஸ் -எல்ஹெச் /பூட்' கொடுத்துப் பட்டியலைப் பாருங்கள். ஓடும் வெர்ஷனையும் ஆகப் புதியதையும் விட்டுவிட்டு, மிகப் பழைய வெர்ஷனின் இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் ஒன்றை மட்டும் அழியுங்கள். இனிட்ஆர்டி என்று தொடங்கும் பெயர் அதற்கு. அந்த ஒன்றை எடுத்தாலே 100 எம்பி கிடைத்துவிடும். இப்போது 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்தால் தொங்கிய வேலை முடியும். அது முடிந்ததும் 'ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' கொடுத்து, கையால் அழித்த வெர்ஷனின் மிச்சத் துண்டுகளையும் முறைப்படி நீக்குங்கள். இந்தக் கடைசிப் படியை விட்டால் இனிட்ராம்எஃப்எஸ் இல்லாத ஒரு கெர்னல் கிரப் மெனுவில் நின்றுகொண்டிருக்கும். அவசரத்துக்கு என்றாவது அதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்துச் சொல்லப்போகும் பேனிக்கில் போய் நிற்கும்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். டெபியன் குடும்பத்தில் இருக்கிற இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பிக்கும்போதும் புதிய ஃபைலை முழுதாக எழுதி முடித்த பிறகுதான் பழையது மாற்றப்படும். அதாவது இரண்டும் சற்றுநேரம் சேர்ந்தே இருக்கும். ஒரு ஃபைலுக்குரிய இடம் எப்போதும் காலியாக இருந்தாக வேண்டும். /பூட்டை வளர்க்க வழியில்லாதவர்கள் இனிட்ராம்எஃப்எஸ் கான்ஃபிக் ஃபைலில் 'மாட்யூல்ஸ்=மோஸ்ட்' என்பதை 'டெப்' என்று மாற்றினால் அளவு நன்றாகக் குறையும். ஆனால் இந்த இயந்திரத்துக்குத் தேவையான டிரைவர்கள் மட்டுமே அப்போது உள்ளே இருக்கும். டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் எழாமல் போகலாம்.

ரீபூட் செய்த பிறகும் பழைய வெர்ஷனே ஓடுகிறது

கிரப்பின் டீஃபால்ட் தேர்வு பழையதிலேயே நிற்கலாம். 'அப்டேட்-கிரப்' கொடுத்துவிட்டு, /இடிசி/டீஃபால்ட்/கிரப் ஃபைலில் 'சேவ்டு' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முன்பு சேமித்து வைத்த தேர்வையே கிரப் எடுக்கும்.

நுட்பமான காரணம் வேறொன்று உண்டு. /பூட் தனிப் பார்ட்டிஷனாக இருந்து, அப்டேட் நடந்த நேரத்தில் அது மவுண்ட் ஆகாமல் (ஃபோல்டரோடு இணைக்கப்படாமல்) இருந்தால், புதிய கெர்னல் ரூட் பார்ட்டிஷனில் உள்ள வெற்று /பூட் ஃபோல்டருக்குள் எழுதப்பட்டுவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. கிரப் உண்மையான பார்ட்டிஷனில் உள்ள பழைய இமேஜை எடுக்கும். ஆர்ச் போன்ற டிஸ்ட்ரோக்களில் பழைய மாட்யூல் ஃபோல்டரும் அதற்குள் நீக்கப்பட்டிருப்பதால் கெர்னல் எழும், ஆனால் டிரைவர்கள் கிடைக்காமல் வைஃபையும் சத்தமும் போயிருக்கும். ஒருமுறை அரைநாள் முழுக்க வைஃபை டிரைவரையே குடைந்துவிட்டு, கடைசியில் 'ஃபைண்ட்எம்என்டி /பூட்' கொடுத்தேன். பதில் எதுவும் வரவில்லை. /பூட் மவுண்ட் ஆகவே இல்லை. அன்றிலிருந்து வெர்ஷன் ஒத்துப்போகாத எந்தச் சிக்கலிலும் நான் தட்டும் முதல் கமாண்ட் அதுதான்.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று: ஆர்ச்சில் அப்டேட் செய்துவிட்டு ரீபூட் செய்யாமலே பென்டிரைவ் செருகினால் மவுண்ட் ஆகாது. ஓடும் கெர்னலுக்குரிய மாட்யூல் ஃபோல்டர் இப்போது டிஸ்க்கில் இல்லை. ரீபூட் செய்தால் சரியாகிவிடும்.

கெர்னல் பேனிக்: 'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக்(0,0)'

கெர்னல் மேற்கொண்டு ஓட முடியாமல் நின்றுவிடுவதுதான் பேனிக். பார்க்கவே பயங்கரமான செய்தி. ஆனால் நிறைய விஷயத்தை நேர்மையாகச் சொல்லும் செய்தியும் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம்.

அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்கள் டிஸ்க்கின் மேஜர், மைனர் எண்கள். (0,0) என்றால் ரூட் பார்ட்டிஷன் எது என்றே கெர்னலால் கண்டுபிடிக்க முடியவில்லை. (8,1) போல வந்தால் முதல் டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன் அதன் கண்ணில் பட்டுவிட்டது, ஆனால் அதில் உள்ள ஃபைல் சிஸ்டத்தைப் படிக்கும் டிரைவர் இல்லை என்று அர்த்தம். 8 என்பது சாட்டா, ஸ்கஸி டிஸ்க்குகளின் எண். என்விஎம்இ என்றால் 259 வரும்.

சரி, (0,0) ஏன் வருகிறது? நம்முடைய பூட் வரியில் ரூட் பார்ட்டிஷன் பெரும்பாலும் யூயூஐடி என்ற தனி அடையாள எண் மூலம் குறிக்கப்பட்டிருக்கும். ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைப் பார்த்து பார்ட்டிஷனைக் கண்டுபிடிக்கும் வேலை கெர்னலுக்குத் தெரியாது. அதைச் செய்வது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் ஸ்கிரிப்டுகள். அந்த ஃபைல் இல்லாமல் போனால், அல்லது பாதியில் அறுந்து கிடந்தால், கெர்னல் தன்னந்தனியாக ரூட்டைத் தேடி, தெரியாத மொழியில் எழுதிய முகவரியைப் பார்த்துத் திகைத்து நின்றுவிடும். ஆக, முதல் சந்தேகம் இனிட்ராம்எஃப்எஸ் மீதுதான். பல நேரங்களில் /பூட் நிரம்பியதன் தொடர்ச்சியாகவே இது வரும்.

பேனிக் வரிக்கு மேலே கெர்னல் தன் கண்ணில் பட்ட பார்ட்டிஷன்களின் பட்டியலை அச்சிட்டிருக்கும். உங்கள் டிஸ்க் அதில் இருந்தால் டிஸ்க் டிரைவர் சரி, ரூட்டைக் காட்டும் வழிதான் தவறு. பட்டியல் காலி என்றால் டிஸ்க் டிரைவரே ஏறவில்லை. கைபேசியில் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் தேவைப்படும்.

தீர்வு: பழைய கெர்னலில் பூட் செய்து, புதிய வெர்ஷனுக்கு இனிட்ராம்எஃப்எஸ்ஸை உருவாக்குங்கள். உபுண்டு, டெபியனில் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -சி -கே' என்று கொடுத்து வெர்ஷன் எண்ணைச் சேர்க்க வேண்டும். ஃபெடோராவில் 'டிராகட் --ஃபோர்ஸ் --கேவெர்', ஆர்ச்சில் 'எம்கேஇனிட்சிபிஐஓ -பி'. ஆர்ச் கமாண்டில் வரும் பி, 'பேக்கேஜ்' என்ற சொல்லில் வரும் முதல் எழுத்து, அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தில். பிறகு கிரப்பின் கான்ஃபிக்கைப் புதுப்பியுங்கள். கிரப் மெனுவில் உள்ள வரியில் இனிட்ஆர்டி என்ற வரியே விட்டுப்போய், ஃபைல் மட்டும் பத்திரமாக இருப்பதும் உண்டு.

'யூயூஐடி டஸ் நாட் எக்ஸிஸ்ட்' என்று சொல்லி இனிட்ராம்எஃப்எஸ் ஷெல்லில் நிற்கிறது

இங்கே இனிட்ராம்எஃப்எஸ் வந்துவிட்டது, டிஸ்க்தான் வரவில்லை. அந்த ஷெல்லிலேயே 'கேட் /பிராக்/சிஎம்டிலைன்' கொடுத்து, கெர்னலிடம் எந்த யூயூஐடியைக் கேட்டிருக்கிறோம் என்று பாருங்கள். அடுத்து 'பிஎல்கேஐடி' கொடுத்து உண்மையில் எது இருக்கிறது என்று பாருங்கள். பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்திருந்தாலோ டிஸ்க்கை குளோன் செய்திருந்தாலோ இரண்டும் வேறுபடும். பிஎல்கேஐடி ஒன்றையுமே காட்டவில்லை என்றால் டிஸ்க் கண்ட்ரோலரின் மாட்யூல் இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் போகவில்லை. என்கிரிப்ட் செய்த டிஸ்க்கில் பாஸ்வேர்டே கேட்காமல் இங்கே வந்து நின்றால், கிரிப்ட்செட்டப் உள்ளே சேர்க்கப்படவில்லை.

எந்தப் பழைய கெர்னலும் எழவில்லை என்றால் லைவ் யூஎஸ்பிதான் வழி. ரூட் பார்ட்டிஷனை /எம்என்டியில் மவுண்ட் செய்து, அதற்குள் /பூட்டையும் இஎஃப்ஐ பார்ட்டிஷனையும் மவுண்ட் செய்து, டெவ், பிராக், சிஸ், ரன் நான்கையும் பைண்ட் செய்து, 'சிஹெச்ரூட்' மூலம் உள்ளே போய், மேலே சொன்ன அதே கமாண்டுகளைக் கொடுக்க வேண்டும். என்கிரிப்ட் செய்த டிஸ்க் என்றால் ஒரு பொறி இருக்கிறது. அதை எந்தப் பெயரில் திறக்கிறீர்கள் என்பது முக்கியம். /இடிசி/கிரிப்ட்டேப் ஃபைலில் உள்ள அதே பெயரில் திறக்காவிட்டால், டெபியன் குடும்பத்தில் இனிட்ராம்எஃப்எஸ் அந்த டிஸ்க்கை அடையாளம் காணாமல் கிரிப்ட்செட்டப்பை விட்டுவிடக்கூடும். எல்லாம் முடிந்தது என்று ரீபூட் செய்தால் அதே ஷெல் மறுபடி வரவேற்கும்.

பூட் ஆகிறது, ஆனால் கறுப்புத் திரை

கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் அழுத்துங்கள். உரைத் திரையில் லாகின் வந்தால் கெர்னல் உயிரோடு இருக்கிறது, கிராஃபிக்ஸ் டிரைவர்தான் விழுந்திருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் கிரப் மெனுவில் 'இ' அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'நோமோட்செட்' சேர்த்து, கன்ட்ரோல் எக்ஸ் கொடுங்கள். இது ஒருமுறைக்கு மட்டும்தான், நிரந்தரமாக எதுவும் மாறாது.

என்விடியாவின் டிரைவர், விர்ச்சுவல்பாக்ஸ், இசட்எஃப்எஸ் போன்றவை கெர்னலின் சோர்ஸ் மரத்துக்கு வெளியே வளர்பவை. ஒவ்வொரு புதிய கெர்னலுக்கும் அவற்றின் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்தாக வேண்டும். டிகேஎம்எஸ் அதைத் தானாகச் செய்கிறது. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுத்தால் எந்த வெர்ஷனுக்கு 'இன்ஸ்டால்டு' என்று இருக்கிறது என்று காட்டும். புதிய வெர்ஷன் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்றால், மாட்யூலைக் கம்பைல் செய்யத் தேவையான கெர்னல் ஹெடர் பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கெர்னல் வந்து ஹெடர் வராமல் போவது மிகச் சாதாரணமான தவறு. ஹெடரை நிறுவிவிட்டு 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்' கொடுத்தால் முடிந்தது.

ஹெடர் இருந்தும் கம்பைல் ஆகவில்லை என்றால் /வார்/லிப்/டிகேஎம்எஸ் ஃபோல்டருக்குள் அந்த மாட்யூலின் 'மேக்.லாக்' ஃபைலைத் திறந்து, முதலில் வரும் 'எரர்' என்ற சொல்லைத் தேடுங்கள். கடைசி வரியைப் பார்த்துப் பயனில்லை, அது தோற்றது என்பதை மட்டும் சொல்லும். காரணம் முதல் எரரில் இருக்கும். ஏதோ ஒரு ஃபங்ஷன் இல்லை, அல்லது அதன் அளவுருக்கள் மாறிவிட்டன என்று வந்தால் உங்கள் தவறு எதுவுமில்லை. பயனர் புரோகிராம்களுக்கான இடைமுகத்தை உடைக்கவே கூடாது என்பதில் லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டிப்பாக இருக்கிறார். ஆனால் கெர்னலுக்குள்ளே டிரைவர்கள் பயன்படுத்தும் இடைமுகத்துக்கு அப்படி எந்த உறுதியும் கிடையாது, எந்த வெளியீட்டிலும் மாறலாம். டிரைவரின் புதிய வெர்ஷன் வரும்வரை எல்டிஎஸ் கெர்னலில் இருப்பதே நல்லது. வெளி டிரைவரை நம்பியிருக்கும் இயந்திரத்தில் ஆகப் புதிய கெர்னலைத் துரத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வைஃபையோ புளூடூத்தோ காணாமல் போனது

'எல்எஸ்பிசிஐ -கே' கொடுங்கள். உங்கள் கார்டுக்குக் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' வரி இல்லை என்றால் மாட்யூல் ஏறவில்லை. வரி இருந்தும் வைஃபை இல்லை என்றால் ஃபர்ம்வேரைச் சந்தேகியுங்கள். அது டிரைவர் அல்ல, கார்டுக்குள் ஓட வேண்டிய தனி நிரல். பல டிஸ்ட்ரோக்களில் தனிப் பேக்கேஜாக வருகிறது. புதிய கெர்னலின் டிரைவர் புதிய ஃபர்ம்வேரைக் கேட்கும், டிஸ்க்கில் பழையது மட்டும் இருக்கும்.

கெர்னல் லாகைக் காட்டும் 'டிஎம்இஎஸ்ஜி' வெளியீட்டில் ஃபர்ம்வேர் என்று தேடினால் 'ஃபெயில்டு வித் எரர் -2' என்று வரும். -2 என்றால் ஃபைல் இல்லை. இதில் ஒரு எச்சரிக்கை: இன்டெல் வைஃபை டிரைவர் ஆகப் புதிய ஃபர்ம்வேரைக் கேட்டு, இல்லையென்றால் அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று படியிறங்கும். அதனால் நாலைந்து -2 வரிகள் வந்து, கடைசியில் 'லோடட் ஃபர்ம்வேர் வெர்ஷன்' என்று இருந்தால் எந்தக் கோளாறும் இல்லை. அந்தச் சிவப்பு வரிகளைப் பார்த்து மிரண்டு வேலை செய்யும் வைஃபையை கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

டெபியன் 11இலிருந்து 12க்கு மாறியவர்கள் பேக்கேஜ்களின் மூலப் பட்டியலைப் (சோர்ஸஸ்.லிஸ்ட்) பாருங்கள். 2023இல் வந்த 12இல் ஃபர்ம்வேருக்கென்று 'நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர்' என்ற தனிப் பிரிவு பிரிக்கப்பட்டது. அந்தப் பெயரைச் சேர்க்காவிட்டால் ஃபர்ம்வேர் அப்டேட்டே வராது.

'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'

மாட்யூலை ஏற்றும்போது இப்படி வந்தால், கையெழுத்திட்ட நிரலை மட்டுமே ஏற்கும் செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்கிறது, மாட்யூலில் ஏற்கத்தக்க கையெழுத்து இல்லை. 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்து உறுதிசெய்யுங்கள். டிகேஎம்எஸ் கையெழுத்திடும் சாவியை 'மோக்யூடில் --இம்போர்ட்' மூலம் பதிவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு தற்காலிகப் பாஸ்வேர்டு கேட்கும். ரீபூட்டின்போது நீலத் திரை வந்து ஏதாவது கீயை அழுத்தச் சொல்லும். சில நொடிகளில் அழுத்தாவிட்டால் அது தானே விலகிப்போய் வழக்கம்போல் பூட் ஆகிவிடும், பதிவை மறுபடி தொடங்க வேண்டும். அதனால் ரீபூட் கொடுத்துவிட்டு எழுந்து போகாதீர்கள்.

'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மேட்' என்று வந்தால் அது கையெழுத்துச் சிக்கல் இல்லை. மாட்யூல் வேறொரு கெர்னலுக்குக் கம்பைல் ஆனது. 'மாட்இன்ஃபோ' காட்டும் 'வெர்மேஜிக்' வரியையும் 'யூநேம் -ஆர்' வெளியீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

நீங்களே கம்பைல் செய்யும்போது

டிஸ்ட்ரோவின் கான்ஃபிக் ஃபைலை நகலெடுத்து, 'மேக் ஓல்டுடெஃப்கான்ஃபிக்' கொடுத்து, கம்பைல் தொடங்கிய சில நிமிடங்களில் சான்றிதழ் ஃபைலை உருவாக்க விதி இல்லை என்று நின்றால், காரணம் டிஸ்ட்ரோவின் சாவி ஃபைல் உங்களிடம் இல்லாதது. 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' என்ற இரண்டு கான்ஃபிக் மதிப்புகளையும் வெற்றாக்குங்கள். 'பாஹோல்' இல்லை என்று வந்தால் 'டுவார்வ்ஸ்' பேக்கேஜை நிறுவுங்கள். பல டிஸ்ட்ரோக்களில் அந்தக் கருவி அந்தப் பெயரில்தான் ஒளிந்திருக்கிறது. காரணமே சொல்லாமல் 'கில்டு' என்று மட்டும் வந்தால் மெமரி தீர்ந்துவிட்டது. 'மேக் -ஜே'க்குப் பின்னால் உள்ள எண்ணைக் குறையுங்கள்.

நிறுவிய பிறகு இனிட்ராம்எஃப்எஸ் பல மடங்கு வீங்கி /பூட்டை அடைத்தால், மாட்யூல்களில் டீபக் தகவல் அப்படியே இருக்கிறது. 'இன்ஸ்டால்_மாட்_ஸ்டிரிப்=1' சேர்த்து மாட்யூல்களை மறுபடி நிறுவுங்கள்.

'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கம்பைல் நேரத்தைப் பெருமளவு குறைக்கும், ஏனென்றால் இப்போது ஏற்றப்பட்டிருக்கும் மாட்யூல்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். அதனால் கொடுப்பதற்கு முன் பிரிண்டர், வெப்கேம், பென்டிரைவ் என்று நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடுங்கள். செருகாததற்கு டிரைவர் இருக்காது.

ஓடிக்கொண்டிருக்கும்போது உறைகிறது

முந்தைய பூட்டின் லாகை எடுங்கள்: 'ஜர்னல்சிடிஎல் -கே -பி -1'. இதில் பி என்பது பூட் என்ற சொல்லின் முதல் எழுத்து. 'ஹார்டுவேர் எரர்' என்று எம்சிஇ (ஹார்டுவேர் பிழை அறிக்கை) வரிகள் இருந்தால் கெர்னலை விட்டுவிட்டு மெமரியையும் பிராசஸரையும் சோதியுங்கள்.

ஊப்ஸ் (கெர்னலுக்குள் நேர்ந்த பிழையின் அறிக்கை) வந்திருந்தால் அதைப் படிப்பது நினைப்பதைவிட எளிது. 'நல் பாயின்டர் டீரெஃபரன்ஸ், அட்ரஸ் 18' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு சிறிய முகவரி என்றால், வெற்றான ஒரு பாயின்டரை நிஜமான ஸ்டிரக்சர் என்று நம்பி அதன் உள்ளே சில பைட்டுகள் தள்ளியிருந்த உறுப்பை யாரோ தொட்டிருக்கிறார்கள். அடுத்து 'ஆர்ஐபி' என்ற வரி, விழுந்த இடத்தின் ஃபங்ஷன் பெயரைச் சொல்லும். அதன் பின்னால் சாய்கோட்டுக்கு இருபுறமும் இரண்டு எண்கள் இருக்கும்: ஃபங்ஷனுக்குள் எவ்வளவு தூரத்தில் விழுந்தது, ஃபங்ஷனின் மொத்த நீளம் எவ்வளவு. சதுர அடைப்புக்குள் ஒரு பெயர் இருந்தால் அதுதான் மாட்யூல். பல சமயம் அந்த ஒரு பெயரே போதும்.

'டெயின்டட்' என்ற சொல்லுக்குப் பின்வரும் எழுத்துகளையும் பாருங்கள். பி ('ப்ரொப்ரைட்டரி' என்பதன் முதல் எழுத்து) என்றால் மூடிய மூல மாட்யூல் ஏறியிருக்கிறது, ஓ என்றால் மரத்துக்கு வெளியே கட்டியது. டி ('டெட்' என்பதன் முதல் எழுத்து) இருந்தால் இதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது. அப்படியானால் லாகில் மேலே போய் முதலாவதைத் தேடுங்கள், இரண்டாவது அதன் பின்விளைவாக இருக்கலாம்.

முழுக்க உறைந்த நிலையில் பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பதற்கு முன், ஆல்ட்டோடு சிஸ்ஆர்க்யூ கீயை (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் கீ) பிடித்துக்கொண்டு எஸ், யூ, பி ('பூட்' என்பதன் முதல் எழுத்து) என்று நிதானமாக ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். எழுதாமல் நிற்கும் டேட்டா டிஸ்க்குக்குப் போய், ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும் என்று மாறி, ரீபூட் ஆகும். உபுண்டுவின் டீஃபால்ட் அமைப்பான 176 இந்த மூன்றையும் அனுமதிக்கிறது.

முந்தைய வெர்ஷனில் சரியாக இருந்தது, புதியதில் இல்லை

மூன்று துண்டும் ஒத்துப்போகின்றன, வெளி டிரைவர் இல்லை, ஃபர்ம்வேரும் சரி. அப்படியும் லேப்டாப் தூங்கி எழவில்லை என்றால் கெர்னலிலேயே பிழை புகுந்திருக்கலாம். இது நடக்காத விஷயமல்ல. 2023 டிசம்பரில் 6.1.64 வெர்ஷனில் எக்ஸ்ட்4 ஃபைல் சிஸ்டத்தின் டேட்டாவைக் கெடுக்கக்கூடிய பிழை இருப்பது தெரியவந்தது. டெபியன் தன் 12.3 வெளியீட்டை நிறுத்திவிட்டு, 6.1.66 கெர்னலோடு 12.4ஐ வெளியிட்டது. ஸ்டேபிள் வரிசையிலும் சறுக்கல் வரும், திருத்தமும் சில நாட்களில் வந்துவிடும்.

இப்படிப்பட்ட நேரத்தில் 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' கொடுத்து பழைய கெர்னலில் சில வாரம் இருப்பதில் தவறில்லை. ஆனால் அப்படியே மறந்துவிடாதீர்கள். 2024 பிப்ரவரி முதல் கெர்னல் குழுவே தன் பாதுகாப்புப் பிழைகளுக்கு சிவிஇ என்ற பொது அடையாள எண்களை வழங்குகிறது, அவை ஒவ்வொரு வாரமும் வந்துகொண்டே இருக்கின்றன. எது நமக்குப் பொருந்தும் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து முடிவெடுக்க யாராலும் முடியாது. 6.1, 6.6, 6.12 போன்ற எல்டிஎஸ் வரிசை ஒன்றில் நின்று அதன் திருத்தங்களை முழுதாக எடுத்துக்கொள்வதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

பிழையை உண்டாக்கிய மாற்றத்தைக் கண்டுபிடிக்க 'கிட் பைசெக்ட்' இருக்கிறது. சரியாக ஓடிய வெர்ஷனை 'குட்' என்றும் ஓடாததை 'பேட்' என்றும் சொல்லிவிட்டால் நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுக்கும். கம்பைல் செய்து, பூட் செய்து, பதில் சொல்ல வேண்டும். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை வரும் பெரிய வெளியீடு ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் உண்டு. ஒவ்வொரு முறையும் பாதியாக வெட்டுவதால் பதினான்கு சுற்றில் ஒரே ஒரு மாற்றத்தில் வந்து நிற்கலாம். கம்பைல் ஆகாத இடம் வந்தால் 'ஸ்கிப்' கொடுங்கள், ஊகித்துப் பதில் சொல்லாதீர்கள். ஒரு தவறான 'குட்' மீதமுள்ள எல்லாச் சுற்றையும் வீணாக்கிவிடும். சிலசமயம் மட்டும் தலைகாட்டும் பிழை என்றால் 'குட்' சொல்வதற்கு முன் நாலைந்து முறை சோதியுங்கள்.

கிடைத்த மாற்றத்தின் அடையாள எண், சரியாக ஓடிய வெர்ஷன், ஓடாத வெர்ஷன், முழு டிஎம்இஎஸ்ஜி வெளியீடு, இவற்றோடு அந்தப் பகுதியின் பராமரிப்பாளருக்கு எழுதுங்கள். யாருக்கு எழுத வேண்டும் என்பதை சோர்ஸ் மரத்தில் உள்ள 'மெயின்டெய்னர்ஸ்' ஃபைல் சொல்லும். என்விடியா போன்ற மாட்யூல் ஏறிய நிலையில் எடுத்த லாகை அனுப்பாதீர்கள், அதை ஏற்றாமல் பிழையை மறுபடி உண்டாக்கி எடுத்த லாகைத்தான் அவர்களால் பயன்படுத்த முடியும். திருத்தம் ஸ்டேபிள் வரிசையில் சேர்ந்து உங்கள் டிஸ்ட்ரோவுக்கு வந்ததும் 'ஆப்ட்-மார்க் அன்ஹோல்ட்' கொடுத்து, அப்டேட் செய்து, ரீபூட்டுக்குப் பிறகு 'யூநேம் -ஆர்' புதிய எண்ணைக் காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.